தலையில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஆடி மாதம், தேவகோட்டைச் சாலையில் எங்கள் அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வண்டியிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சை, 43 நாள் மருத்துவமனை வாசம், பிறகு காரைக்குடியில் ஓர் ஆண்டு பிசியோதெரபி. அந்த அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளைப் பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். இன்றும் யார் மூலமாகவோ எண் கிடைத்து அழைக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியை. மருந்தின் பெயரோ அளவோ இதில் இருக்காது.

ஜி.சி.எஸ். 7 என்று எழுதியிருக்கிறார்கள். ஏழு மார்க் என்றால் பிழைப்பாரா?

மார்க் மாதிரிதான், ஆனால் இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று அளக்க 1974-ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் வகுத்த அளவுகோல் (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) இது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு. 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம்.

அந்த எண் அந்த நேரத்து நிலைமையைச் சொல்லும். ஆறு மாதம் கழித்து என்ன ஆவார் என்று சொல்லாது. நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மருத்துவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் அப்பச்சி மருத்துவமனைக்குப் போனபோது 6.

கண் திறந்துவிட்டார். ஆனால் நான் யாரென்றே தெரியவில்லை என்கிறாரே?

சினிமாவில்தான் கண் திறந்ததும் மனைவியின் பெயரைச் சொல்வார்கள். உண்மையில் கண் திறப்பதற்கும் தெளிவதற்கும் நடுவே ஒரு மங்கலான காலம் இருக்கிறது. நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீளும். அப்போது நடப்பது எதுவும் மூளையில் பதியாது. குழாயைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு இறங்குவார், இல்லாததைச் சொல்வார். அது பொய் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை கிடைத்ததைக் கொண்டு அடைக்கிறது. அப்பச்சி ஒரு வாரம் ரங்கூனில் இருந்தார். கப்பல் எத்தனை மணிக்கு என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பர்மாவுக்குப் போனவர் ஐயா (எங்கள் தாத்தா); அப்பச்சி காரைக்குடியைத் தாண்டித் தொழில் செய்தவரே இல்லை.

“நான் யார், சொல்லுங்கள்” என்று சோதிக்காதீர்கள். “நான் உங்கள் மகள். இது மதுரை. விழுந்துவிட்டீர்கள், சரியாகி வருகிறீர்கள்” என்று நீங்களே சொல்லுங்கள். ஒரே குரலில், தினமும், அலுக்காமல்.

மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்களாம். இப்படியும் செய்வார்களா?

செய்வார்கள். மூளை வீங்கும்போது ஓட்டுக்குள் இடம் போதாது. அழுத்தம் குறைய எலும்பில் ஒரு பகுதியை எடுத்து, கெட்டுப்போகாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். சில இடங்களில் உறைநிலையில் பாதுகாப்பார்கள். வீக்கம் வடிந்த பிறகு, பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து, இன்னோர் அறுவைச் சிகிச்சையில் திரும்பப் பொருத்துவார்கள்.

அதுவரை அந்த இடத்தில் தோல்தான் காவல். அந்தப் பக்கமாகப் படுக்கவைக்காதீர்கள். நடக்கும்போது மருத்துவர் சொல்லும் பாதுகாப்புத் தொப்பி தலையில் இருக்கட்டும். உட்கார்ந்தால் குழிவதும் இருமினால் எழும்புவதும் இயல்பு. இறுகிப் புடைத்துக்கொண்டு அடங்காமல் இருந்தால் உடனே காட்டுங்கள்.

எங்களுடையது வளவு வீடு (நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு). மாடி ஏறவிடாமல் கீழேயே வைத்துக்கொண்டால் போதுமா?

எல்லோரும் மாடியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். தடுக்கி விழுவது நிலைப்படியில். நம் வீடுகளில் முகப்பிலிருந்து வளவுக்கும் வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கும் படி தாண்டாமல் போக முடியாது. காலை எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை மூளை நம்மைக் கேட்காமலே கணக்கிட்டுக்கொண்டிருந்தது. அடிபட்ட பிறகு அந்தக் கணக்கு தப்புகிறது. நாங்கள் ஒவ்வொரு நிலைப்படியிலும் மஞ்சள் பெயின்ட்டில் பட்டை அடித்தோம். பர்மாத் தேக்கில் பெயின்டா என்று பெரியப்பச்சி ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காய்ந்திருக்கும்வரை உத்தமம். துடைத்த ஈரம் போகும்முன் நடக்கவிட்டால் வழுக்கும். தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் விளிம்பில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மறித்தோம். குளியலறை பின்கட்டில் இருந்தால் இரவுக்குக் கட்டிலருகே ஏற்பாடு வேண்டும். வலப்பக்க மூளையில் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கண்ணில் குறையில்லை, ஆனால் கவனம் அந்தப் பக்கம் போகாது. அப்பச்சி இடப்பக்கத் தூண்களில் மட்டும் மோதினார். தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பிவைத்தால் சாப்பிடுவார்.

இந்த வீடுகளால் ஒரு நன்மையும் உண்டு. தூண்கள் நகராது. கட்டிலிலிருந்து சாமி அறைக்கு ஐந்தாவது தூணில் திரும்ப வேண்டும் என்று எண்ணி எண்ணித்தான் அவர் வழி கற்றார். பழகிய வீட்டில் பழகிய பொருளைப் பழைய இடத்திலேயே வையுங்கள். அவர் வருகிறார் என்று வீட்டைத் தலைகீழாக மாற்றி அழகுபடுத்தினால் அவருக்கு அது அந்நிய வீடு.

பார்க்க வருகிறவர்களை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பகையாகிவிடுமே?

என் கணக்கில், வீடு திரும்பிய முதல் மாதத்தில் எங்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது நோய் அல்ல, நலம் விசாரிப்பு. ஆப்பிள் கூடையோடு எட்டுப் பேர் வருவார்கள். உயரமான கூரைக்குக் கீழே எட்டுக் குரலும் எதிரொலிக்கும். அடிபட்ட மூளையால் ஒரு குரலைப் பிரித்துக் கேட்டு மற்றதைத் தள்ள முடியாது; எல்லாம் ஒன்றாக இடிக்கும். அதோடு ஒவ்வொருவரும் குனிந்து, “என்னைத் தெரிகிறதா, சொல்லுங்கள் பார்ப்போம்” என்பார்கள். தெரியாவிட்டால் அவருக்கு அவமானம். அன்று மாலை அந்தக் கோபம் ஆத்தாமேல் (எங்கள் அம்மாமேல்) இறங்கும்.

பழியை மருத்துவர்மேல் போடுங்கள். நாங்கள் அவரிடம் சொல்லி அனுமதி வாங்கியே போட்டோம். முகப்பில் கரும்பலகை: “டாக்டர் உத்தரவு. காலை 10 முதல் 11 வரை. ஒரு நேரத்தில் இருவர். பதினைந்து நிமிடம்.” மற்றவர்களுக்கு முகப்பிலேயே காபி, பெரியப்பச்சியோடு பேச்சு. (பெயின்ட் கோபம் அதற்குள் தணிந்திருந்தது.) உள்ளே வருகிறவர், “நான் புதுவயல் அம்மான் வந்திருக்கிறேன்” என்று உறவைத் தாமே சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். இன்னும் கோபம்தான், பரவாயில்லை.

என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? தண்ணீர் குடித்தாலே இருமுகிறார்.

இருமல் என்றால் தண்ணீர் வழி தவறிக் காற்றுக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். சிலருக்கு இருமல்கூட வராமல் உள்ளே இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரும். ஆகவே எது, எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மூக்குக்குழாய் இருக்கும்போது ஆசைக்கு ஒரு வாய் என்று ஊட்டாதீர்கள்.

பலருக்கு நீர்போல இருப்பதைவிடக் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருப்பது எளிது. நம் கும்மாயம் இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். வறுத்த உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் அரைத்த மாவைக் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறினால் நாக்கிலேயே வழுக்கி இறங்கும். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டிக்கும் கணக்கு உண்டு. நீரும் திடமும் கலந்தவைதான் மிகக் கடினம்: ரசம் சாதம், பால் பணியாரம். சீடையும் முறுக்கும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், டிவியை அணைத்துவிட்டு, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. விழுங்கிய பின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிடுங்கள்.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளலாமா?

மாவில் திரியை ஏற்றிச் சுடரோடு விழுங்குவதை, விழுங்கவே தடுமாறுகிறவரிடம் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அவருக்கான இழையை ஆத்தா எடுத்துக்கொண்டார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

எதைச் சமைத்தாலும் ருசி இல்லை என்கிறார். நான் சமைத்தது அவ்வளவு மோசமா?

உங்கள் சமையலில் குறையில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் வாசனை நரம்பிழைகள் மிக நுண்மையானவை; மண்டையோட்டின் சல்லடை போன்ற எலும்பு வழியாகப் போகின்றன. தலை குலுங்கும்போது அறுந்துவிடலாம். வாசனை போனால் நாக்குக்கு மிஞ்சுவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு அளவுதான். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் போட்டு ஆத்தா வைத்த கோழிக்குழம்பை, “வெந்நீரில் மிளகாய்த்தூள்” என்றார் அப்பச்சி. ஆத்தா அடுப்படியில் அழுதார். காரணம் தெரிந்தபோது அழுகை நின்றது. குழம்பு வைப்பதை நிறுத்தவில்லை.

ருசிக்காக அவர் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார், கவனியுங்கள். சிலிண்டர் கசிந்தாலும் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. கெட்டுப்போன சாப்பாட்டை முகர்ந்து பார்க்கவும் அவரை நம்பாதீர்கள்.

நாள் முழுக்கத் தூங்குகிறார். எழுப்பலாமா, விட்டுவிடலாமா?

பல் துலக்குவதும் நாலு வார்த்தை பேசுவதும் அந்த மூளைக்குக் காடு வெட்டுகிற வேலை. களைப்பு உண்மையானது, மாதக்கணக்கில் இருக்கும். எங்கள் ஏற்பாடு: வேலை எல்லாம் காலை 11 மணிக்குள், நண்பகலில் ஒரு மணி நேரம் படுக்கை, பிறகு எழுப்பிவிடுவோம், இல்லையென்றால் இரவு விழித்திருப்பார். களைப்பில் தூங்குகிறவரை எழுப்பினால் எரிந்துவிழுவார், ஆனால் எழுவார். எழுப்ப எழுப்ப எழாமல் போவது வேறு.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மேலே சொன்னபடி எழுப்ப முடியாத மயக்கம். நேரம் போகப்போகக் கூடும் தலைவலி. திரும்பத் திரும்ப வாந்தி. புதிதாக ஒரு கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல். காய்ச்சலோடு கழுத்து இறுக்கம். மூக்கிலோ காதிலோ நிறமற்ற நீர் சொட்டுவது. சளி என்று துடைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். வயதானவர்களுக்கு அடிபட்டுச் சில வாரம் கழித்தும் உள்ளே மெதுவாக இரத்தம் சேர்வதுண்டு. “விழுந்து மாதமாகிவிட்டதே” என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?

எங்கள் கடையே இரும்புக் கடை. இரும்பில் வலிப்பு நிற்குமென்றால் அப்பச்சிக்கு அது வந்திருக்கவே கூடாது.

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அருகில் உள்ள கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர், எதுவும் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ, வருவது முதல் முறை என்றாலோ 108. வலிப்பு வரவில்லையே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவதுதான் நான் கண்ட பெரிய தவறு.

அதிர்ந்துகூடப் பேசமாட்டார். இப்போது எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தை பேசுகிறார். எங்கள் மானம் போகிறது.

மூளையின் முன்பகுதிக்கு நம்மை அடக்கிவைக்கும் வேலை உண்டு. விபத்துகளில் அதிகம் அடிபடுவதும் அதுதான். மனதில் தோன்றியது வாயில் வரும்முன் நிறுத்தும் பிரேக் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1848-ல் அமெரிக்காவில் ரயில்பாதைக்குப் பாறை தகர்த்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் தலையை ஓர் இரும்புக் கம்பி துளைத்து வெளியேறியது. பிழைத்தார், ஆனால் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். பலரும் கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ச் சில ஆண்டுகள் பயணிகள் குதிரைவண்டி ஓட்டினார். எனக்குப் பிடித்தது கதையின் இந்தப் பாதிதான். தினமும் ஒரே வேலை, ஒரே வரிசை. அப்பச்சியிடமும் நான் கண்டது அதுவே: நாள் ஒழுங்காகப் போனால் கோபம் குறைகிறது.

கோபம் வந்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எங்களுக்கு மாலை நாலு மணி என்று தெரிந்தது: பசி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், டிவி, மூன்றும் ஒன்றாக. நாலுக்கு முன்பே பலகாரம் கொடுத்தோம், டிவியை ஆறு மணிக்குத் தள்ளினோம். வெடித்துவிட்டால் வாதம் செய்யாதீர்கள். பேச்சை மாற்றுங்கள், அல்லது அங்கிருந்து நகருங்கள். “நேற்று அப்படிப் பேசினீர்களே” என்று மறுநாள் கேட்பதால் பயன் இல்லை, நினைவிருக்காது. கை நீட்டினால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு மருந்துகளில் சில எரிச்சலைக் கூட்டுவதுண்டு. மாற்றுவது அவர் வேலை.

சொன்னால்தான் குளிக்கிறார். சொல்லாவிட்டால் முகப்பில் உட்கார்ந்தே இருக்கிறார். சோம்பலா?

சோம்பல் இல்லை. தொடங்கும் திறனும் அதே முன்பகுதியில்தான் இருக்கிறது. “குளியுங்கள்” என்பது நமக்கு ஒரு வேலை, அவருக்குப் பன்னிரண்டு. துண்டைக் கையில் கொடுத்து எழுப்பிவிட்டால் மீதி தானாக நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். காலையில் தினத்தாள் காலண்டரைக் கிழிப்பதை அவர் வேலையாக்கினோம். கிழமையும் தெரிந்தது, நாளும் தொடங்கியது.

தலையில் எண்ணெய் வைக்கலாமா? நாட்டு மருந்து கொடுக்கலாமா?

தையல் ஆறி மருத்துவர் சரி சொன்ன பிறகு எண்ணெய் வைக்கலாம், அழுத்தித் தேய்க்காமல். எலும்பு இல்லாத இடத்தில் தேய்க்கவே கூடாது. உள்ளுக்குக் கொடுக்கும் எதையும் மருத்துவரிடம் காட்டாமல் வலிப்பு மாத்திரையோடு சேர்க்காதீர்கள்.

பிழைத்தால் பழனிக்கு நடப்பதாகவும் மொட்டை போடுவதாகவும் வேண்டிக்கொண்டோம். அவரே செய்யலாமா?

குன்றக்குடியிலிருந்து தைப்பூசக் காவடியோடு போகிறவர்களுக்கே எப்படிப்பட்ட நடை என்று தெரியும். வெயில், தூக்கக் குறைவு, கூட்டம், நேரம் தவறும் மாத்திரை: வலிப்பை அழைக்க இதைவிட வேறு வேண்டாம். அவருக்காக என் தம்பி நடந்தான். அப்பச்சியைக் காரில் அழைத்துப் போனோம். மொட்டைக்கு, எலும்பு பொருத்தித் தழும்பு நன்றாக ஆறும்வரை சவரக்கத்தி அருகில் வரக் கூடாது. எங்களுடையது பதினாறு மாதம் கழித்துத்தான் நிறைவேறியது.

சாயங்காலம் கொஞ்சம் குடிக்கலாமா என்கிறார். வண்டிச் சாவியையும் கேட்கிறார்.

குடி கூடாது. கொஞ்சம் என்பதும் கூடாது. அடிபட்ட மூளைக்குச் சீக்கிரம் ஏறும், வலிப்பும் வரும். வண்டி, மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்கும்வரை இல்லை. சாவியை ஒளித்துவைப்பதைவிட வண்டியையே பங்காளி வீட்டில் விடுவது நல்லது.

கடையில் உட்காரவைக்கலாமா? பத்திரத்தில் கையெழுத்து வாங்கலாமா?

கடையில் உட்காரவையுங்கள், கல்லாவில் தனியாக அல்ல. அப்பச்சி வட்டிக்கணக்கை வாயாலேயே போடுகிறவர். திரும்பி வந்த முதல் வாரம் ஒருவருக்குப் பத்தாண்டுக்கு முந்தைய விலையில் கம்பி கொடுத்தார். இன்னொருவரிடம் வாங்கிய பணத்தை மறந்து மறுபடி கேட்டார். பேச்சு சரளமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இதுதான் இந்தக் காயத்தின் சூது: வெளியே ஒன்றும் தெரியாது. பக்கத்தில் தம்பி, அன்றைய விலை எழுதிய அட்டை, ஒரே ஒரு நோட்டு என்று தொடங்கினோம்.

கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது, தனக்கு அதனால் என்ன ஆகும் என்று புரிந்து முடிவெடுக்க முடிந்தவர் போடும் கையெழுத்துதான் ஒப்பந்தமாகச் செல்லும். 1872-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. புரியாதவரின் விரலைப் பிடித்து வாங்கியது நாளைக்குப் பங்காளி வழக்கில் உங்கள் கழுத்துக்கே வரும். துணையோடு முடிவெடுக்க முடிகிறவருக்கு 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் ஏற்பாடு இருக்கிறது. வழக்கறிஞரைப் பாருங்கள்.

அரசு உதவி என்னென்ன? என்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே பிசியோதெரபி வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவர் குழு சான்று கொடுத்தால் மற்ற உதவிகளுக்கு வழி திறக்கும்.

விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு சட்டத்தில் வந்திருக்கிறது. நோயாளியைக் கவனிக்கும் பரபரப்பில் எங்களுக்கு ஐந்து மாதம் போனதே தெரியவில்லை. முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், எல்லா ரசீதுகளும் ஒரே பையில் இருக்கட்டும்.

எத்தனை மாதத்தில் பழையபடி ஆவார்?

முதல் ஆறு மாதத்தில் வேகமாக, இரண்டு ஆண்டுவரை மெதுவாக, அதன் பிறகும் துளித்துளியாக. நடை முதலில் வரும். நினைவும் பொறுமையும் கடைசியில். நடக்கத் தொடங்கியதும் ஊர், “சரியாகிவிட்டாரே” என்று சொல்லிவிடும், வீட்டில் உதவிக்கு வந்தவர்களும் போய்விடுவார்கள். உண்மையில் உங்களுக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

தான் மாறிவிட்டோம் என்பதே ஆரம்பத்தில் அவருக்குத் தெரியாது. தெரியவரும்போது மனம் உடையும். சாப்பிடாமல், பேசாமல், “நான் போயிருக்கலாம்” என்று சொன்னால் வெறும் புலம்பல் என்று விடாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கே கோபமும் அழுகையும் வருகிறது. நான் கெட்டவளா?

இல்லை. ஆள் உயிரோடு இருக்கும்போதே பழைய ஆளுக்காக அழுவது ஊருக்குப் புரியாது, பெஞ்சில் உட்கார்ந்த எல்லோருக்கும் புரியும். ஆத்தாவுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை என்று நாங்கள் மூவரும் முறை போட்டோம். முதல் விடுமுறையில் கண்டனூரில் ஆச்சி வீட்டுக்குப் போய்ப் பதினோரு மணி நேரம் தூங்கினார். மேலே சொன்ன எண் உங்களுக்கும்தான்.

உங்கள் அப்பச்சிக்கு இப்போது கணக்கு வருகிறதா?

காகிதத்தில் வருகிறது, வாயில் வரவில்லை. கல்லாப்பெட்டிக்குள் சின்னக் கால்குலேட்டர் ஒன்று வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் வந்தால் பெட்டியைக் கொஞ்சம் திறந்து, உள்ளேயே தட்டிப் பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து யோசிப்பதுபோல் ஒரு நொடி இருந்து தொகையைச் சொல்வார். தம்பி அந்த நேரம் பார்த்துக் கம்பி எண்ணப் போய்விடுவான்.